ஸ்லாபுக்கு வெளியே ஐப்பசி மாதம்

தரம் போட்டுப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்த நாணயத்தை, அதாவது ஸ்லாபை, முதன்முதலாக வாங்கியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "அதான் சீல் பண்ணித் தந்துட்டாங்களே, இனிமே அதுக்கு என்ன ஆகப்போகுது?" வந்த பார்சலைப் பிரித்து, நாலு பேருக்குக் காட்டி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் செருகிவிட்டு மறந்தும் போய்விடுவார்கள். கோயம்புத்தூர்க்காரர் இப்படிச் செய்தால் ஒருவேளை தப்பித்துக்கொள்வார். மயிலாடுதுறையிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் இருந்துகொண்டு இப்படிச் செய்யக் கூடாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

புதிதாக வருபவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. நாணயத்தின் தரத்தை ஒரு மூன்றாவது ஆள் பார்த்து, 1 முதல் 70 வரை ஒரு மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து ஒட்டித் தரும் வழக்கம் அமெரிக்காவில் 1980-களில் சூடுபிடித்தது. இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்களில் பிசிஜிஎஸ் 1986-இலும் என்ஜிசி அதற்கு அடுத்த ஆண்டும் தொடங்கின. அந்த 70 மதிப்பெண் கணக்கு அதற்கும் முன்பே, 1949-இல், வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காகப் போட்டது. கூட்டின் இரண்டு பாதிகளையும் மீயொலி அதிர்வால் உருக்கி ஒட்டுகிறார்கள். திறந்தால் உடைத்துத்தான் திறக்க வேண்டும். உள்ளே லேபிளில் நாணயத்தின் பெயர், ஆண்டு, தரம், ஒரு சான்று எண். இந்தக் கூட்டைத்தான் நாம் ஸ்லாப் என்கிறோம்.

சரி, அந்த மதிப்பெண் எதற்கு? நாணயம் தரம் பார்ப்பவரின் விளக்குக்குக் கீழே இருந்த அன்றைக்கு எப்படி இருந்தது என்பதற்கு, அவ்வளவுதான். எம்எஸ் 64 (எம்எஸ் என்றால் புழக்கத்துக்குப் போகாத காசு) என்று லேபிளில் அச்சடித்திருப்பதால் நாணயம் கடைசிவரை எம்எஸ் 64-ஆகவே இருந்துவிடப் போவதில்லை. ஸ்லாப் கீறலைத் தடுக்கும், விரல் ரேகையைத் தடுக்கும், கைமாறும்போது ஆள் மாறாட்டத்தை ஓரளவு தடுக்கும். காற்றைத் தடுக்காது. கூடு காற்றுப்புகாதது அல்ல, நீர்ப்புகாததும் அல்ல என்பதைத் தர நிறுவனங்களே மறைக்காமல் சொல்கின்றன. செம்பு நாணயத்தின் நிறம் பின்னால் மாறினால் உத்தரவாதம் செல்லாது என்று விலக்கும் வைத்திருக்கின்றன. அவர்களே கைவிரித்த இடத்தில் நாம் நிம்மதியாக இருப்பது எப்படி?

திருடன் பயம் எல்லோருக்கும் இருக்கிறது, அதனால் முதல் காசு லாக்கருக்கும் பூட்டுக்கும் போகிறது. என் கருத்தில் டெல்டாவில் முதல் எதிரி காற்றில் இருக்கும் ஈரம், இரண்டாவது எதிரி தரையில் ஏறும் தண்ணீர், மூன்றாவது வீட்டு மனிதர்களின் நல்லெண்ணம். திருடன் அதற்கும் பின்னால்தான் வருகிறான். செலவையும் இதே வரிசையில் செய்தால் போதும்.

ஈரத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்தால் சுவரில் ஓதம் ஏறுவதும், துவைத்த துணி இரண்டு நாளானாலும் ஒரு மாதிரி வாடை அடிப்பதும், உப்பு ஜாடியில் தண்ணீர் விடுவதும் எல்லா வீட்டிலும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலேயே பல நாள் நிற்கும். மற்ற ஊர்களில் மழை விட்டால் காய்ந்துவிடும், இங்கே மழை விட்டாலும் வயலில் தண்ணீர் நிற்கிறது, சம்பா நடவு முடிந்து நாலா பக்கமும் தேங்கிய சேறு. கடற்கரைக்குப் பக்கம் என்றால் அந்தக் காற்றில் உப்பும் கலந்து வருகிறது. வேதாரண்யத்தில் சைக்கிள் செயின் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று பார்த்தவர்கள், அதே காற்றுதான் ஸ்லாபின் ஓர இடுக்கு வழியாகவும் போய் வருகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி ஈரத்தால் மட்டும் கறுப்பதில்லை. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தக வாயுக்களோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிறது, ஈரம் அந்த வேலையை வேகப்படுத்துகிறது. கந்தகம் எங்கிருந்து வரும்? ரப்பர் பேண்டிலிருந்து, கம்பளியிலிருந்து, மட்டமான அட்டைப் பெட்டியிலிருந்து, பழைய செய்தித்தாளிலிருந்து, அவித்த முட்டையிலிருந்து, தேங்கிய சாக்கடையிலிருந்து. ஸ்லாபுகளை நாலு நாலாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது, டீலர்களே அப்படித்தான் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி எறியுங்கள்.

பழைய பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், 91.7 விழுக்காடு வெள்ளி. 1940-இல் அதைப் பாதி வெள்ளியாகக் குறைத்து, மீதிப் பாதிக்கு 40 விழுக்காடு செம்பும், நிக்கலும் துத்தநாகமும் தலா 5 விழுக்காடும் கலந்தார்கள். இந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களைப் பார்த்தால் தெரியும், நல்ல தரத்தில் இருந்தாலும் ஒரு மங்கல் சீக்கிரம் படிந்துவிடும், விக்டோரியா ரூபாய் மாதிரி அழகாக நிறம் ஏறாது. எனவே பெட்டியில் இடம் குறைவென்றால் நான் கலப்பு வெள்ளிக்குத்தான் முதலில் உலர்ந்த இடம் கொடுப்பேன். விலை மதிப்பை வைத்து இடம் ஒதுக்குவது வழக்கம், உலோகத்தை வைத்து ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம்.

டெல்டாக்காரர்களின் சேகரிப்பில் வெள்ளியை விடச் செம்பு அதிகம் இருக்கும். காலணா, அரையணா, தஞ்சை நாயக்கர் காசு, மராட்டியர் காசு, ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறு பக்கம் அமர்ந்த உருவத்தோடு நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயரும் உள்ள சோழர் செம்புக் காசு. செம்பு பிறந்தபோது இருந்த சிவப்பு போகாமல் இருந்தால் லேபிளில் ஆர்டி, பாதி போனால் ஆர்பி, முழுதும் போனால் பிஎன் என்று போடுவார்கள். ஆர்டிக்கும் பிஎன்னுக்கும் விலை வித்தியாசம் பெரியது. அந்தச் சிவப்பைத் தின்பது ஈரம்தான். நிறம் போனால்கூடத் தேற்றிக்கொள்ளலாம், மண்ணிலிருந்தோ ஆற்று மணலிலிருந்தோ வந்த பழைய காசுகளில் குளோரைடு உப்பு உள்ளுக்குள் ஊறியிருக்கும் என்பதுதான் பெரிய தொல்லை. ஈரப்பதம் 40-ஐத் தாண்டி ஏறும்போது அது உயிர்பெற்று வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பும். சாதாரணக் களிம்பு கெட்டியாக, அடர்த்தியாக, ஒட்டியிருக்கும், அது காசுக்குக் கெடுதல் இல்லை, அழகும்கூட. இது அப்படியல்ல, குச்சியால் தொட்டால் உதிரும், அடியில் குழி விழுந்திருக்கும். ஸ்லாபுக்குள் இருக்கும் காசில் இப்படிப் பச்சைப் பொடி தெரிந்தால், அந்த ஸ்லாபை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனி டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை நன்றாக உலர்த்தி, அதோடு வையுங்கள்.

ஈயத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் நம் பகுதிக்கு அது முக்கியம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் தஞ்சை நாயக்கரிடம் இடம் பெற்றுக் கோட்டை கட்டி, 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் அடித்த சின்னச் சின்ன ஈயக் காசுகள், மன்னர் பெயரின் முதலெழுத்தும் மகுடமும் போட்டவை, இந்தப் பக்கத்துச் சேகரிப்பாளர் யாரைக் கேட்டாலும் ஒன்றிரண்டாவது வைத்திருப்பார். ஈயத்துக்கு ஈரத்தை விடப் பெரிய பகை மரம். எந்த மரமும் கொஞ்சம் அமில ஆவி விடும். புதிதாக இழைத்த மரமும், பிளைவுட்டும், அதன் பசையும் இன்னும் அதிகம் விடும். மூடிய மரப்பெட்டிக்குள் அந்த ஆவி தங்கி ஈயத்தின்மேல் வெள்ளைப் பொடி பூக்க வைக்கும். பூத்த பொடி காசின் உடம்பிலிருந்து வந்தது, துடைத்தால் காசும் அதோடு போகும். தாத்தா காலத்துத் தேக்குப் பெட்டியில் தரங்கம்பாடிக் காசை வைப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வைக்காதீர்கள். தூள் பூச்சு அடித்த இரும்பு அலமாரி, அதுவும் பெயிண்ட் வாடை முழுக்கப் போன பிறகு, அதுதான் எல்லா உலோகத்துக்கும் நல்லது.

அப்படியானால் பீரோ சரிதானே என்பீர்கள். பீரோ சரிதான், அதற்குள் நாம் போடும் பாச்சை உருண்டைதான் சரியில்லை. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். பாச்சை உருண்டை பட்ட இடத்தில் பிளாஸ்டிக் டப்பா நசநசவென்று ஆகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்லாபை மங்கலாக்க நேரடியாகப் படவே வேண்டாம், மூடிய பீரோவில் மாதக்கணக்கில் ஆவி சூழ்ந்தால் போதும். கற்பூரமும் அதே கதை. துணி பீரோவும் காசு அலமாரியும் வேறு வேறாக இருக்கட்டும். இடமில்லை என்றால் காசுகளைத் தனியாக இறுக மூடும் டப்பாவில் போட்டு, பாச்சை உருண்டைக்குப் பதில் துணிகளுக்கு வேப்பிலை, வசம்பு என்று பழைய முறைக்குப் போங்கள்.

வீட்டில் எந்த இடம் என்பது அடுத்தது. சமையலறைக்குப் பக்கத்து அறை வேண்டாம்: புளிக்குழம்பு கொதிக்கும் ஆவி, வாயு அடுப்பு, எண்ணெய்ப் புகை. சிலிண்டர் வாயுவில் வாடைக்காகச் சேர்க்கும் பொருளே கந்தகச் சேர்மம்தான். பூஜை அறை வேண்டாம்: சாம்பிராணி, ஊதுபத்தி, திரி எரியும் புகை. பரண் வேண்டாம், சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே சூடு தாங்காது, இரவில் குளிரும், அந்த ஏற்ற இறக்கம்தான் ஈரத்தை உள்ளே இழுத்து இழுத்து விடுகிறது. மழைபடும் வெளிச்சுவரில் பதித்த அலமாரி வேண்டவே வேண்டாம். மிச்சம் என்ன? வீட்டின் நடுப்பகுதியில், உள்சுவரை ஒட்டி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, வெயில் நேராக விழாத இடம்.

உயரம்தான் நம் பகுதிக்கே உரிய விஷயம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தபோது ஓடு பறந்த வீடுகளில் தண்ணீர் மேலிருந்து வந்தது. 2004 டிசம்பர் 26-இல் கடலோரத்தில் கீழிருந்து வந்தது. கொள்ளிடக் கரையோரக் கிராமங்களுக்கு மேட்டூர் நிரம்பி வழிந்தால் மழையே இல்லாமல் ஆடியிலும் ஆவணியிலும் வரும். எனவே தரையோடு ஒட்டிய கீழ்த்தட்டு கிடையாது, மேல்தட்டின் உச்சியும் கிடையாது, இடுப்புக்கு மேல் தலைக்குக் கீழ், அதுவும் மூடிய டப்பாவுக்குள். மாடி இருந்தால் மாடியில் நடு அறை. கனமான இரும்புப் பெட்டகத்தைத் தரையில் பதித்து வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "தூக்கிட்டுப் போயிடுவான்னுதானே மாமா பதிச்சேன்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அவர் வீடு வாய்க்காலை ஒட்டி இருக்கிறது.

இனி டப்பா. என் முறையைச் சொல்கிறேன், இதை விட நல்ல முறை உங்களிடம் இருக்கலாம். ஒவ்வொரு ஸ்லாபுக்கும் பிவிசி இல்லாத மெல்லிய உறை, கூட்டில் கீறல் விழாமல் இருக்க. உறைகளை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், புதுக் குளியலறைத் திரை மாதிரி வாடை அடித்தால் அது பிவிசி. அதில் மென்மைக்காகச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசியும், பிளாஸ்டிக் சிதைந்து அமிலம் விடும், ஸ்லாப் இல்லாத காசுகளின்மேல் பிசுபிசுவென்று பச்சையாகப் படிவது இதுதான். ஸ்லாபுக்குள் இருப்பதற்கு நேரடி ஆபத்து குறைவு, ஆனாலும் அதே டப்பாவில் பிவிசி ஆல்பத்தை வைப்பதில் அர்த்தமில்லை. உறையிட்ட ஸ்லாபுகளை 20 பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் படுக்கை வசமாக அடுக்காமல் நிறுத்தி வைக்கிறேன். அந்தப் பெட்டியை ரப்பர் வளையம் உள்ள, கிளிப் போட்டு மூடும் பாலிபுரோப்பிலீன் டப்பாவுக்குள் வைக்கிறேன், அந்த வளையம் சிலிக்கானாக இருந்தால் கந்தகக் கவலை இல்லை. டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல்லும் ஒரு குட்டி ஈரப்பதமானியும்.

நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லில் நீலம் வாங்காதீர்கள். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, நச்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குங்கள், ஈரம் குடித்தால் பச்சையாகிவிடும். மறுபடி காய வைக்க 110, 120 டிகிரி சூடு வேண்டும், வெயிலில் வைத்தால் அரைகுறையாகத்தான் காயும். சின்ன மின்சார அவன் இருந்தால் நல்லது, அதற்கென்று தனித் தட்டு வைத்துக்கொள்ளுங்கள், சோறாக்கும் பாத்திரத்தில் வேண்டாம். காய்ந்தபோதும் நனைந்தபோதும் எடை போட்டுக் குறித்துக்கொண்டால் நிறத்தை நம்பவே தேவையில்லை. அரிசியைத் துணியில் கட்டிப் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நெற்களஞ்சியம் என்ற பெருமையில் கேட்கிறார்கள் போல. ஆகாது. நம் மழைக்கால அரிசியிலேயே போதுமான ஈரம் இருக்கிறது, அதோடு தவிட்டுத் தூசி, வண்டு.

ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆனால் மலிவானது காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, சோதிக்க வேண்டும். சோதனைக்கு உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வருமளவு சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து இறுக மூடும் டப்பாவில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மானி 5 கூட்டிச் சொல்கிறது, பின்னால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இதற்குக் கடையில் விற்கும் சுத்தமான தூள் உப்பே ஆகும். வேதாரண்யத்துக் கல்லுப்பு சாப்பாட்டுக்கு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அதில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் எண் தவறும். டப்பாவுக்குள் 35-இலிருந்து 40 வரை நின்றால் நிம்மதியாக இருக்கலாம். பழைய செம்பு இருந்தால் இன்னும் கீழே போனாலும் நல்லதே.

கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் மின்சார உலர் அலமாரி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல பொருள், கையில் காசு இருந்தால் வாங்குங்கள், 40-இல் வைத்துவிட்டால் அது பாட்டுக்குப் பார்த்துக்கொள்ளும். ஆனால் கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால் உலர் அலமாரிக்குள்ளும் டப்பா, டப்பாவுக்குள்ளும் சிலிக்கா ஜெல் என்றுதான் நான் சொல்வேன். ஏசி அறை விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை: ஏசியில் குளிர்ந்த ஸ்லாபை அப்படியே புழுக்கமான கூடத்துக்கு எடுத்து வந்து வந்தவர்களுக்குக் காட்டினால், வெளிக்காற்றின் ஈரம் அதன்மேல் வேர்த்து நிற்கும், கூட்டுக்கு உள்ளேயும் வேர்க்கலாம். மூடிய டப்பாவோடு வெளியே கொண்டுவந்து, ஒரு மணி நேரம் விட்டு, பிறகு திறங்கள். விருந்தினர் காபி குடிக்கட்டும்.

தீப்பிடிக்காத பெட்டகம் என்று விளம்பரம் பார்த்து வாங்குபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அதன் சுவருக்குள் ஜிப்சம் மாதிரி நீர் பொதிந்த பொருள் இருக்கிறது, தீ வரும்போது அந்த நீர் ஆவியாகி உள்ளிருப்பதைக் காக்கும். தீ வராத நாளிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் விடும். பத்திரங்களுக்குப் பரவாயில்லை, வெள்ளிக்கும் செம்புக்கும் ஆகாது. வாங்கியே விட்டீர்கள் என்றால் மேலே சொன்ன இறுக்கமான டப்பாவோடு உள்ளே வையுங்கள்.

வங்கி லாக்கர்? வைக்கலாம், ஆனால் விதியைப் படித்துவிட்டு. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு ஏற்பட்டால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். ஆண்டுக்கு 2,000 ரூபாய் வாடகை என்றால் 2 லட்சம். வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தில் வங்கியின் கவனக்குறைவு இல்லாவிட்டால் பொறுப்பே கிடையாது. டெல்டாவில் நாம் பயப்படும் முக்கிய விஷயமே அந்த விலக்குக்குள்தான் இருக்கிறது. லாக்கர் அறைகள் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாமல், புழுங்கிக்கொண்டு இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். வீட்டுக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் பாலிசியின் விலக்குப் பகுதியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நாணயமும் தாள் பணமும், தனியாக எழுதிச் சேர்க்காத வரை, பொதுவாக வெளியேதான் நிற்கும். "எல்லாமே கவர் ஆகும் சார்" என்று ஏஜென்ட் வாயால் சொல்வது எழுத்தில் வராது.

திருடனைப் பற்றிச் சுருக்கமாக: வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் சிறந்த பூட்டு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புதிதாக வந்த ரூபாயைப் போடுவது, அதே வாரம் குடும்பத்தோடு திருநள்ளாறு போகிறோம் என்றும் போடுவது, இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். கூரியரைக் கடை முகவரிக்கோ அலுவலக முகவரிக்கோ வரவழையுங்கள்.

இப்போது மூன்றாவது எதிரி. ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் பெரிய அத்தை ஸ்லாபுகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். "காசுன்னா லட்சுமிதானே தம்பி, அவளைப் போயி இப்படிப் பிளாஸ்டிக்ல அடைச்சு வச்சிருக்கியே, மூச்சு முட்டாதா?" என்று வேறு கேட்டார். பொட்டு வைக்கப்பட்டது 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். ராஜாவின் மார்புச் சங்கிலியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அரசாங்கமே திரும்பப் பெற்றுக்கொண்ட காசு அது. அத்தைக்கு இந்தக் கதையைச் சொல்லவில்லை. ஈரத்துணியால் துடைத்ததில் சந்தனம் போய்விட்டது, குங்குமச் சிவப்பு ஓர இடுக்கில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். தின்னரோ நகப்பூச்சு நீக்கியோ போட்டுத் தேய்க்கலாமே என்று யோசிப்பவர்களுக்கு: அசிட்டோன் பட்டால் ஸ்லாப் பிளாஸ்டிக் கரைந்து பால் மாதிரி வெளுக்கும்.

பொட்டு பெரிய ஆபத்து இல்லை. புளிதான் ஆபத்து. பித்தளையும் செம்பும் புளி போட்டுத் துலக்கியே வளர்ந்த வீடுகள் நம்முடையவை, கறுத்த காசைப் பார்த்தால் கை அரிக்கும். ஸ்லாபுக்குள் இருக்கும் காசு இரண்டு தலைமுறை நிறம் ஏறி அழகாக இருக்கிறது என்றால், நல்ல மனசோடு யாராவது கூட்டை உடைத்து, விபூதியோ சபீனாவோ போட்டுப் பளபளவென்று ஆக்கி நம்மிடமே நீட்டக்கூடும். துலக்கிய காசை மறுபடி தரத்துக்கு அனுப்பினால் எண் வராது, "சுத்தம் செய்யப்பட்டது" என்ற குறிப்புதான் வரும். விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

இதை விட மோசமானது, நாம் போன பிறகு பட்டறைக்குப் போவது. கும்பகோணத்திலோ மாயவரத்திலோ பெரிய கடைத்தெருவில் உட்கார்ந்து பாருங்கள், பழைய வெள்ளி ரூபாயை எடைக்குப் போட வருபவர்கள் இன்றும் வருகிறார்கள், பெரும்பாலும் அப்பா வைத்திருந்தது, தாத்தா வைத்திருந்தது என்று. உருக்குபவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு அது வெள்ளி. அதனால் ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு ஸ்லாபின் சான்று எண், வாங்கிய ஆண்டு, வாங்கிய விலை, இரண்டு பக்கப் படம். தர நிறுவனத்தின் தளத்தில் எண்ணைப் போட்டால் விவரம் வரும் என்பதையும், போலி ஸ்லாபுகளும் உலவுகின்றன என்பதால் அந்தச் சோதனை வாங்கும்போதும் விற்கும்போதும் வேண்டும் என்பதையும் வீட்டில் ஒருவருக்காவது சொல்லிக் காட்டுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: உடைக்காதே, துலக்காதே, எடைக்குப் போடாதே. நான் என் மகளிடம் காட்டியிருக்கிறேன். "இதுல எதுப்பா ரொம்ப விலை?" என்றாள். நல்ல கேள்வி, அதையும் நோட்டில் எழுதிவிட்டேன்.

சட்டம் பற்றி இரண்டே விஷயம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் தொல்பொருள், அதைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. தரம் போட்டுத் தரச் சொல்லி அமெரிக்காவுக்குக் கூரியர் அனுப்புவதும் வெளியே அனுப்புவதுதான். இந்தக் கோடு ஒவ்வொரு புத்தாண்டிலும் ஓர் ஆண்டு முன்னால் நகர்கிறது, சிறுவயதில் நாம் பழசு என்று நினைக்காத ஐந்தாம் ஜார்ஜ் காசுகள் பெரும்பாலும் உள்ளே வந்துவிட்டன. இரண்டாவது, வயலில் ஏர் ஓட்டும்போதோ மனை தோண்டும்போதோ பானையோடு கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் சொல்லும் வரம்பு 10 ரூபாய் மதிப்பு, அதாவது எல்லாமே. "ஆத்துல கிடைச்சது, யாருக்கும் தெரியாது, விலை கம்மி" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தண்ணீர் வந்துவிட்டது, ஸ்லாபுகள் நனைந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் ஹேர் டிரையர் போடாதீர்கள், வெயிலில் பரப்பாதீர்கள், சூட்டில் உள்ளே நீராவி சுற்றிச் சுற்றி வரும். வெளிப்பக்கத்துச் சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, நிழலில் மின்விசிறிக்குக் கீழே நிறுத்தி வையுங்கள், அப்புறம் சிலிக்கா ஜெல் டப்பா. உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா என்று லேபிளைப் பார்த்தாலே தெரியும், தாள் நெளிந்திருக்கும், மை பரவியிருக்கும். போகவில்லை என்றால் கவலை விட்டது. போயிருந்தால், அதுவும் கடல்நீரோ வயல்நீரோ என்றால், கூட்டைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம், காசைக் காப்பாற்றுங்கள். சேற்றுத் தண்ணீர் உள்ளேயே காய்ந்தால் உப்பும் அழுக்கும் அந்தக் காசின்மேல் நிரந்தரமாகத் தங்கிவிடும். கூட்டின் ஓரத்தில் மெதுவாகப் பிளந்து, காசை விளிம்பில் பிடித்து எடுத்து, பேட்டரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று முறை முக்கி எடுத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். உடைந்த கூட்டையும் நனைந்த லேபிளையும் எறியாதீர்கள், நோட்டில் இருக்கும் பழைய படங்களோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு வையுங்கள், மறுபடி தரத்துக்குக் கொடுக்கும்போதும் காப்பீட்டுக்காரர் கேட்கும்போதும் காட்ட அது வேண்டியிருக்கும்.